வாய்க்காலைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

கேள்வி: வேதாரண்யம் பக்கம் இரண்டு ஏக்கர் இறால் குளம் குத்தகைக்கு வருகிறது. வனாமி இறால் விடலாம் என்கிறார் மச்சான். நிலத்தையும் தண்ணீரையும் கெடுக்கிற தொழில் நமக்கு வேண்டாம் என்கிறார் அம்மா. கெடுக்காமல் வளர்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அம்மா சொல்வதை வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் 90களில் நெல் வயலை வெட்டிக் குளமாக்கி, பக்கத்து வயலும் குடிதண்ணீரும் உப்பாகி, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கிய கதை அவருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் 2005ல் கடலோரப் பண்ணைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதனால் முதலில், அந்தக் குளத்துக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

பதிவு இருக்கிறதா, சரி. அப்புறம் வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். நான் பார்த்த பல இடங்களில் தண்ணீர் எடுப்பதும் அதே வாய்க்காலில், கழிவை விடுவதும் அதிலேயே. வெள்ளைப்புள்ளி நோய் வந்த குளத்தை ராவோடு ராவாகத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், விடிந்ததும் கீழே இருப்பவர் அதே தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றிக்கொள்கிறார். இரண்டு ஏக்கரையும் இறாலுக்கே கொடுக்காமல் ஒரு மூலையை ஒதுக்குங்கள். வெளியே போகிற தண்ணீர் அங்கே சில நாள் நின்று மண்டி படியட்டும், நாலு மடவை மீனும் விட்டு வையுங்கள். சின்னப் பண்ணைக்குக் கழிவு நீர்க் குளம் எதற்கு என்பார்கள். நோய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அடுத்தது குஞ்சு. வனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60க்கு மேல் போகவே வேண்டாம். உங்கள் இரண்டு ஏக்கர் சுமார் 8,000 சதுர மீட்டர், அதாவது முழுக்க விட்டால் 4.8 லட்சம். புதிதாக இறங்குகிறவர் பாதி விட்டாலே போதும் என்பேன், குஞ்சு விற்கிறவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். நோய்க்கிருமி இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை பார்த்த குஞ்சாக வாங்குங்கள். விடுவதற்கு முன் குளத்தை வெடிப்பு விழும்வரை காயப் போடுங்கள். கரையைச் சுற்றி நண்டு வலை கட்டுங்கள், ஏனென்றால் நண்டும் வெள்ளைப்புள்ளியைத் தூக்கிக்கொண்டு வரும்.

செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குத்தான் போகும், குளம் கெடுவதும் பெரும்பாலும் அதனால்தான். தீவனம் போட்டு இரண்டு மணி நேரத்தில் செக் டிரேயை, அதாவது தின்றதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கி வைக்கும் தட்டை, தூக்குங்கள். தட்டில் தீவனம் மிஞ்சியிருந்தால் அடுத்த வேளைக்குக் குறைத்துவிடுங்கள். ஒரு இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முதுகில் குடல் கோடு அறுபடாமல் நிறைந்து ஓட வேண்டும், விட்டுவிட்டுத் தெரிந்தால் அது சரியாகத் தின்னவில்லை. அப்போது யாராவது ஆன்டிபயாடிக் டப்பாவை நீட்டுவார், வாங்காதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் எல்லாம் தடை செய்யப்பட்டவை, ஏற்றுமதிச் சோதனையில் சிக்கினால் சரக்கே திரும்பி வரும்.

கேள்வி: கடல் மீனை அரைத்துப் பண்ணை மீனுக்குப் போடுகிறார்களாமே, அப்புறம் வளர்த்து என்ன லாபம்?

பதில்: நியாயமான கேள்வி. கொடுவா மாதிரி மீனைத் தின்கிற மீனுக்கும் இறாலுக்கும் மீன்தூள் கலந்த தீவனம்தான், அதற்கு மத்தியும் கழிசல் மீனும் மூட்டை மூட்டையாகப் போகின்றன. ஆனால் எல்லா மீனும் அப்படி இல்லை. ரோகு, கட்லா தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் வளர்ந்துவிடும். மனசு உறுத்தினால் சந்தையில் அதை வாங்குங்கள். முள் அதிகம் என்று என் வீட்டில் திட்டு விழுகிறது, அது வேறு விஷயம்.