நாலு மணி நேரம் ஒரே ஆள் பேசுவதைக் கேட்பானேன்? வரலாற்று பாட்காஸ்ட் கேள்வி பதில்

செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயிலில் ஒரு நாளைக்குப் போக வர மூன்று மணி நேரம் எனக்குப் போகிறது. பத்து வருடத்துக்கு மேலாக அந்த நேரம் முழுக்கக் காதில் வரலாற்று பாட்காஸ்ட்தான், அதாவது போனில் கேட்கும் ஒலித்தொடர்கள். இதைத் தெரிந்துகொண்டு பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வரலாற்று பாட்காஸ்ட் என்று தேடினால் ஐம்பது பெயர் வருகிறது. தலை சுற்றுகிறது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். (ஐ.டி. ஊழியர், தாம்பரம்)

மைக் டங்கனின் ‘ரெவல்யூஷன்ஸ்’. 2013இல் தொடங்கிய தொடர். ஒவ்வொரு பருவமும் ஒரு புரட்சி. முதல் பருவம் இங்கிலாந்து உள்நாட்டுப் போர், பிறகு அமெரிக்கா, பிரான்ஸ் என்று போகும். ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நேராக நான்காவது பருவத்துக்குப் போங்கள். அது ஹெய்ட்டி.

ஏன் ஹெய்ட்டி என்றால், நம் பள்ளிப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி உண்டு, பாஸ்டில் சிறை உண்டு, கில்லட்டின் உண்டு. அதே நேரத்தில் பிரான்ஸின் பணக்காரக் குடியேற்ற நாடான செயின்ட் டொமிங்கில் (கரீபியன் கடலில் இருக்கும் இன்றைய ஹெய்ட்டி) சுமார் ஐந்து லட்சம் அடிமைகள் கரும்புத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது இல்லை. 1791 ஆகஸ்டில் அவர்கள் தோட்டங்களைக் கொளுத்தினார்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற தூசான் லூவெர்த்யூர் அந்தப் படைகளை ஒரு ராணுவமாக்கினார். நெப்போலியன் தன் தங்கை கணவர் லெக்லேர்க்கைப் பெரும்படையோடு அனுப்பினார். தூசானைப் பிடித்து பிரான்ஸுக்குக் கொண்டுபோய், ஜூரா மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அதற்குள் லெக்லேர்க்கையும் அவர் படையில் பெரும்பகுதியையும் மஞ்சள் காய்ச்சல் முடித்துவிட்டது. 1804 ஜனவரி 1இல் ஹெய்ட்டி சுதந்திர நாடு.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லதுதான். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. யாருக்கு நஷ்டம்? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு! பின்னால் தொகையைக் குறைத்தார்கள். ஆனாலும் அதற்காக வாங்கிய கடனை ஹெய்ட்டி அடைத்து முடிக்க 1947 ஆகிவிட்டது. நமக்குச் சுதந்திரம் வந்த வருடம். இந்தப் பகுதியை நான் பரனூர் தாண்டும்போது கேட்டேன். அன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

வணக்கம் அண்ணை. டொரன்டோவில ட்ரக் ஓடுறன். வெளிக்கிட்டால் பத்து மணித்தியாலம். துண்டு துண்டாய் இல்லாமல் நீளமாய்க் கேட்கிற மாதிரி ஏதும் சொல்லுங்கோ. (யாழ்ப்பாணம், இப்போது கனடா)

உங்களுக்கென்றே செய்தது மாதிரி ஒன்று இருக்கிறது தம்பி. டான் கார்லினின் ‘ஹார்ட்கோர் ஹிஸ்டரி’. 2006 முதல் நடக்கிறது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். வந்தால் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். விருந்தினர் அநேகமாகக் கிடையாது. ஒரே ஆள், ஒரே குரல்.

அதில் முதல் உலகப் போரைப் பற்றி ‘புளூபிரின்ட் ஃபார் ஆர்மகெடான்’ என்று ஆறு பாகம். மொத்தம் இருபது மணி நேரத்துக்கு மேல். உங்களுக்கு இரண்டு நாள் ஓட்டம். நமக்கு முதல் உலகப் போர் என்றால் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன கப்பல். ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். அந்தப் போரின் மற்ற பக்கம் எப்படி இருந்தது என்று தெரிய கார்லினைக் கேட்க வேண்டும். 1916 ஜூலை 1, சோம் சண்டையின் முதல் நாள், பிரிட்டிஷ் படையில் மட்டும் 19,240 பேர் சாவு. இந்த எண்ணை நான் முன்பே படித்திருந்தேன். படித்தபோது அது எண்ணாகத்தான் இருந்தது.

1917இல் பெல்ஜியத்தில் பாஷன்டேல் சண்டை. பீரங்கிக் குண்டு விழுந்து விழுந்து வடிகால்கள் உடைந்து, மழையும் சேர்ந்து, நிலம் முழுக்கச் சேறு. போர்முனைக்குப் போகும் சிலர் முழங்காலுக்கு மேல் புதைந்த ஒரு சிப்பாயைப் பார்க்கிறார்கள். நாலு பேர் அவன் அக்குளில் துப்பாக்கியைக் கொடுத்துத் தூக்குகிறார்கள். அசையவில்லை. தோண்டலாம் என்றால் நிற்கக் கால் பாவவில்லை. உத்தரவு இருக்கிறது, போயாக வேண்டும். போய்விடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அதே வழியாகத் திரும்புகிறார்கள். அவன் அங்கேயே இருக்கிறான். தலை மட்டும்தான் வெளியே தெரிகிறது. புத்தி பேதலித்துவிட்டது.

இது அங்கே இருந்த ஓர் அதிகாரி எழுதி வைத்தது. கார்லின் அதை நிதானமாக வாசிப்பார். வண்டி ஓட்டும்போது இந்த இடம் வந்தால் ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார்லின் வரலாற்றாசிரியரே இல்லையாமே? பழைய ரேடியோக்காரர் சொல்வதை எப்படி நம்புவது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

இல்லைதான் ஐயா. ‘நான் வரலாற்றாசிரியன் அல்ல’ என்று அவரே ஓயாமல் சொல்வார். நான் பார்ப்பது பட்டத்தை அல்ல. இரண்டு விஷயத்தைப் பார்ப்பேன். ஒன்று, ‘இது இன்னார் சொன்னது’ என்று பெயர் சொல்கிறாரா? கார்லின் பிறர் எழுத்தை வாசித்தால் ‘கோட்’ என்று தொடங்கி ‘எண்ட் கோட்’ என்று முடிப்பார். எது அவர் சொல், எது அடுத்தவர் சொல் என்று குழப்பமே வராது. இரண்டு, ‘இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு’ என்று ஒரு தடவையாவது சொல்கிறாரா? எல்லாம் தனக்குத் தெரியும் என்ற தோரணையில் பேசுபவரைப் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடுவேன்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. கொடூரத்தை விவரிப்பதில் அவருக்கு ஒரு ருசி உண்டு. மங்கோலியர் பற்றிய தொடரில் எனக்குச் சில இடங்களில் திகட்டிவிட்டது.

பேராசிரியர்கள் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்றால் பிபிசியின் ‘இன் அவர் டைம்’. 1998 முதல் வருகிறது, ஆயிரம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டது. ஒரு தலைப்பு, மூன்று அறிஞர்கள், முக்கால் மணி நேரம். 2025 வரை நடத்திய மெல்வின் பிராக், பேராசிரியர் வளவள என்றால் பாதியிலேயே வெட்டி, ‘சரி, விஷயத்துக்கு வாருங்கள்’ என்கிற தினுசில் இழுத்துவருவார். உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ரோம் வரலாறு முழுவதும் கேட்க ஆசை. 179 அத்தியாயம் என்று பார்த்ததும் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்க வேண்டுமா? (கல்லூரி மாணவி, மதுரை)

அதே டங்கன் 2007இல் தொடங்கி 2012இல் முடித்த ‘தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்’. ஆரம்ப அத்தியாயங்கள் சின்னவை, ஒலித்தரமும் சுமார். ரோமுலஸ், ரீமஸ் கதையைக் கேட்டுவிட்டு ‘இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். போகப் போக மனிதர் தேறிவிடுவார்.

பயமாக இருந்தால் மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடியில் நுழையுங்கள். 235இலிருந்து 284 வரை, ஐம்பது வருடத்தில் இருபதுக்கு மேல் பேரரசர்கள். பெரும்பாலோர் படுக்கையில் சாகவில்லை. பேரரசு மூன்றாக உடைந்து கிடந்தபோது அவுரேலியன் என்ற படைத்தலைவர் பதவிக்கு வருகிறார். ஐந்தே வருடம். கிழக்கே பால்மைராவின் அரசி ஜெனோபியாவைத் தோற்கடித்து, மேற்கே ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) பகுதியை மீட்டு, மூன்றையும் ஒட்டவைத்துவிட்டார். அப்படிப்பட்டவரை முடித்தது எதிரிப் படை அல்ல, ஒரு குமாஸ்தா. ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன், தண்டனைக்குப் பயந்து, பேரரசர் கையெழுத்து மாதிரியே ஒரு கொலைப் பட்டியல் எழுதி, அதில் இருந்த அதிகாரிகளிடமே காட்டிவிட்டான். நம்மைக் கொல்வதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்று அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

நான் எழும்பூரில் இறங்க வேண்டியவன். அன்று கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

கேட்கும்போது நன்றாக இருக்கிறது. மறுநாள் ஒன்றும் நினைவில்லை. நோட்டு எடுக்க வேண்டுமா?

ரயிலில் தொங்கிக்கொண்டு எங்கே நோட்டு எடுப்பது? நான் செய்வது இரண்டு. ஒன்று, கேட்பதற்கு முன்னால் அந்த ஊரின் வரைபடத்தை ஒரு தடவை போனில் பார்த்துவிடுவேன். ஆறு எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே பாதிக் கதை மனதில் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுவது. அவுரேலியன் கதையை இரவு தோசை வார்க்கும்போது மனைவியிடம் சொன்னேன். கல்லில் தோசை தீய்ந்தது. ‘அந்த குமாஸ்தாவை அப்புறம் என்ன செய்தார்கள்?’ என்று கேட்டாள். அதைத் தேடிப் போனதில் இன்னும் நாலு விஷயம் நினைவில் தங்கியது.

எனக்கு ஆங்கிலம் வேகமாகப் பேசினால் புரியாது. தமிழில் ஏதும் இல்லையா?

முதலில் தமிழ். நம் மொழியில் ஒலி வடிவில் கிடைப்பதில் வரலாற்று நாவல் வாசிப்பு நிறைய. அது நன்றாகவே இருக்கும், ஆனால் அது நாவல். அப்புறம் ‘உலகையே ஆண்ட தமிழன்’ ரகம். ஆதாரம் சொல்லி, ஒரே விஷயத்தை முப்பது நாற்பது அத்தியாயம் பொறுமையாகக் கொண்டுபோகும் தொடர் அரிது. அதனால் நான் சொற்பொழிவுகளைப் பாட்காஸ்ட் மாதிரி கேட்கிறேன். தமிழ் ஹெரிடேஜ் டிரஸ்ட், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டின் உரைகளும் யூடியூபில் கிடைக்கும். கல்வெட்டு, கோயில், சிந்து முத்திரை என்று அந்தத் துறையிலேயே ஊறியவர்கள் பேசுவார்கள். திரையில் படம் காட்டும்போது மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆங்கிலத்துக்கு வந்தால், டங்கனின் உச்சரிப்பு நிதானமானது. வேகத்தை 0.8இல் வைத்து ஒரு வாரம் கேளுங்கள். காது பழகிவிடும். எனக்கு அப்படித்தான் பழகியது. இதை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பாயசத்தைக் கையைக் கழுவிக்கொண்டே குடிக்கிற மாதிரிதான் அது.

குழந்தைகளோடு காரில் கேட்க? பையனுக்குப் பத்து வயது.

கார்லின் பக்கமே போகாதீர்கள். ‘எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்டு இன் 100 ஆப்ஜெக்ட்ஸ்’ போடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த நீல் மெக்ரெகர் 2010இல் பிபிசிக்காகச் செய்தது. நூறு பொருள், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். செங்கல்பட்டு டோல்கேட்டில் வரிசை நகர்வதற்குள் இரண்டு முடிந்துவிடும்.

நாற்பதாவது பொருளிலிருந்து தொடங்குங்கள்: ஒரு மிளகுக் குப்பி. 1992இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒருவர் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடி உலோகம் காட்டும் கருவியோடு போனார். கிடைத்தது ரோமானியர் புதைத்த பொன்னும் வெள்ளியும், பதினைந்தாயிரத்துக்கு நெருக்கமான காசுகளும். கூடவே பெண் உருவத்தில் ஒரு வெள்ளிக் குப்பி, மிளகுத்தூள் தூவ. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது! அந்தக் காலத்து மிளகு போனது நம் மேற்குக் கரையிலிருந்து. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி என்று அகநானூறு சொல்வதன் மறுமுனை அந்தக் குப்பி. பையனிடம் இதை நீங்கள் சொல்லுங்கள்.

இந்திய வரலாறு பற்றி நல்ல தொடர்? டி.என்.பி.எஸ்.சி.க்கும் உதவ வேண்டும்.

தேர்வுக்கு உதவாது. பாடப் புத்தகத்தைப் படியுங்கள் தம்பி.

தேர்வு முடிந்த பிறகு ‘எம்பயர்’ கேளுங்கள். வில்லியம் டால்ரிம்பிள், அனிதா ஆனந்த் இருவரும் 2022இல் தொடங்கியது. ஆரம்பமே கிழக்கிந்தியக் கம்பெனிதான். இருவரும் சேர்ந்து கோஹினூர் வைரம் பற்றி ஏற்கெனவே ஒரு புத்தகம் எழுதியவர்கள் என்பதால் பேச்சில் ஒருவருக்கொருவர் இடம் விடுவது தெரியும். சில சமயம் சிரிப்பு கொஞ்சம் அதிகம். அதைவிட எனக்குப் பிடித்தது பால் கூப்பரின் ‘ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்ஸ்’. அழிந்துபோன நாகரிகங்கள், ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரம். பழைய ஆவணங்களை நடிகர்கள் குரலில் கேட்கலாம். அதில் விஜயநகரம் உண்டு. 1565இல் தலைக்கோட்டைப் போர் முடிந்ததும் ஹம்பி காலியாகிறது. அந்த அரசின் பிரதிநிதிகளாக மதுரையிலும் தஞ்சையிலும் செஞ்சியிலும் இருந்த நாயக்கர்கள் பிறகு தனித்தனி அரசர்களானார்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்களுக்கு இது வேற்றூர்க் கதை இல்லை.

எல்லாம் இலவசமா?

பெரும்பாலும். கார்லினின் புதியவை இலவசம், பழையவற்றை அவர் தளத்தில் விலைக்கு வாங்க வேண்டும். நாலு மணி நேர அத்தியாயம் நூறு எம்.பி.க்கு மேல் வரும். வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?

ராபின் பியர்சனின் ‘தி ஹிஸ்டரி ஆஃப் பைசான்டியம்’. டங்கன் 476இல் மேற்கு ரோம் விழுந்ததோடு நிறுத்தியதை, கிழக்கு ரோமிலிருந்து இவர் 2012இல் எடுத்துக்கொண்டார். நான் 1204க்கு வந்திருக்கிறேன். சிலுவைப் போருக்குக் கிளம்பிய படை வழி மாறி வந்து கிழக்கு ரோமின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளையே கொள்ளையடித்துக்கொண்டிருக்கிறது. 1453இல் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.