லோஷன் எரிகிறது என்று லேசருக்குப் போக வேண்டாம்

கேள்வி: வயது 27. திருச்சியில் நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். கடை முழுக்க ஏசி. ஆனாலும் ட்ரே எடுக்கக் கையைத் தூக்கினால் ப்ளவுஸில் அக்குள் இரண்டும் வட்டமாக நனைந்திருப்பது தெரிகிறது. கல்லூரி முதல் வருடத்திலிருந்தே இப்படித்தான், அப்பாவுக்கும் உண்டு. மூன்று ரோல்-ஆன் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மருந்துக்கடையில் 20 சதவீத லோஷன் ஒன்று கொடுத்தார்கள். இரண்டே நாளில் எரிந்து சிவந்துவிட்டதால் நிறுத்திவிட்டேன். அழகு நிலையத்தில் லேசர் ஆறு சிட்டிங் போட்டால் நின்றுவிடும், தவணையில் கட்டலாம் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் நரம்பை வெட்டும் ஆபரேஷன்தான் நிரந்தரம் என்கிறார். என்ன செய்ய?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் தூக்கிப்போட்ட அந்த லோஷனைத் திரும்ப எடுங்கள்.

பாட்டிலில் அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் என்று போட்டிருக்கும். இந்த உப்பு வியர்வைக் குழாயின் வாயில் இறங்கி, உள்ளேயே கெட்டியாகி, தக்கை போல அடைத்துக்கொள்ளும். ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் இதே உப்பு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். உங்களுக்கு எரிந்தது அதனால்தான். காலையில் குளித்து, துண்டால் துடைத்த கையோடு தடவிக்கொண்டு வேலைக்கு ஓடியிருப்பீர்கள். தோலில் ஈரம், போதாததற்கு உடனே வியர்வை. மருந்து குழாய்க்குள் இறங்காமல் கழுவிக்கொண்டு போய்விடும், எரிச்சல்தான் மிச்சம். சீட்டு எழுதுகிறவர்கள் "இரவில் தடவவும்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். நன்றாகக் காய்ந்த தோலில் என்று மூன்று வார்த்தை சேர்த்து எழுத யாருக்கும் நேரமில்லை. பலர் சிகிச்சையை விட்டு ஓடுவது இந்த மூன்று வார்த்தை இல்லாததால்தான்.

சரியான முறை இது. படுக்கப் போகும்போதுதான் தடவ வேண்டும். தூக்கத்தில் அக்குள் வியர்ப்பது அடங்கியிருக்கும். இரவில் குளிப்பவர் என்றால் குளித்து அரை மணி நேரமாவது போகட்டும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்காற்றில் வையுங்கள். சூடு வைத்தால் திரும்ப வியர்க்கும். முடி இருக்கும் பகுதியில் மட்டும் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு போதும். அது காய்ந்த பிறகு பழைய பனியன் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்; இந்த லோஷன் துணியைக் கெடுக்கும். காலையில் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

உங்கள் தோல் ஒருமுறை சிவந்துவிட்டதால், முழுக்க ஆறிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்பியுங்கள். முதலில் இரண்டு மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். தாங்கினால் நான்கு மணி நேரம், பிறகு இரவு முழுக்க. ஷேவிங், வேக்சிங், முடி நீக்கும் கிரீம் எது செய்தாலும் இரண்டு நாள் இடைவெளி வேண்டும். தோல் பழகி, தினமும் வைக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தெரியும். வியர்வை அடங்கியதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு போதும். பலன் தெரிந்ததும் அடியோடு நிறுத்தினால் தக்கை உதிர்ந்து பழைய கதைதான்.

நடுவில் சிவந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு, வீரியம் குறைந்த ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீத கிரீம் லேசாகத் தடவலாம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. எரிச்சல் என்று மருந்துக்கடையில் சொன்னால், படர்தாமரைக்குக் கொடுக்கிற கலவை டியூப் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். அவை வீரியமான ஸ்டீராய்டுகள். அக்குள் மடிப்பில் தோல் மெல்லிசு, மருந்தை அதிகம் உறிஞ்சும். தொடர்ந்து போட்டால் பிரசவத் தழும்பு போல வரி விழும், அந்த வரி மறையாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சரக்கு. கடலை மிட்டாய் போல விற்கிறார்கள், கேட்பாரில்லை.

ரோல்-ஆன் ஏன் கேட்கவில்லை என்றால், டியோடரன்ட் என்று எழுதியிருப்பது வாடைக்கு மட்டும்தான். வியர்வையைக் குறைக்க ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று இருக்க வேண்டும். கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில் கலந்து வைக்கிறார்கள். எலுமிச்சை, சமையல் சோடா தேய்ப்பதெல்லாம் தோலைப் புண்ணாக்கும் வேலை.

இப்போது லேசர். முடி நீக்கும் லேசர் முடி வேரில் உள்ள கருநிறமியைக் குறிவைத்துச் சுடுகிறது. வியர்வைச் சுரப்பியில் அந்த நிறமி கிடையாது. முடி குறையலாம், வாடை கொஞ்சம் குறையலாம். ப்ளவுஸ் நனைவது நனையும். நம் நிறத்துக்கு அளவு தவறினால் கருந்திட்டும் சேர்ந்துகொள்ளும். சுரப்பியையே சூட்டால் அழிக்கும் மைக்ரோவேவ் கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2011 முதல் அனுமதி பெற்றது. அது லேசர் அல்ல. கருவியின் பெயர் என்ன என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

லோஷன் கைவிட்டால் அடுத்தது போட்டுலினம் டாக்ஸின் ஊசி, பொதுவாக போடாக்ஸ் என்பார்கள். வழக்கமாகப் பயன்படும் மருந்தில் ஒரு பக்கத்துக்கு 50 யூனிட், 10 முதல் 15 குத்து. ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். ஏமாற்று நடப்பது "எத்தனை மில்லி" என்ற பேச்சில். மருந்து குப்பியில் தூளாக வருகிறது. சலைன் விட்டுக் கரைப்பார்கள். சலைனைக் கூட்டினால் மில்லி கூடும், யூனிட் கூடாது. 100 யூனிட் குப்பி ஒருவருடைய இரண்டு அக்குளுக்குச் சரியாக இருக்கும். ஆகவே குப்பியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், பக்கத்துக்கு எத்தனை யூனிட், இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல. அயோடின் தடவி மாவு தூவி, வியர்வை பட்டுக் கருநீலமாகும் இடத்தைப் பார்த்துக் குத்துகிறவர் கைதேர்ந்தவர். இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள், அழகு சிகிச்சை என்று சொல்லிப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டை நனைந்து வேலையில் கூனிக்குறுகி நிற்பது அவர்கள் அகராதியில் அழகுப் பிரச்சினை.

கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாத்திரைகள் உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும். வாய் வறளும், மலம் இறுகும். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்க்காத உடம்பு சூட்டில் சுருண்டு விழலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

நரம்பு ஆபரேஷனில் மார்புக்குள் துளை போட்டு நரம்பை வெட்டுவார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். அக்குள் காயும், முதுகு, வயிறு, தொடையில் வியர்வை ஊற்றத் தொடங்கும். இது பலருக்கு வருகிறது, வெட்டியதைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. அக்குளுக்காக அதைச் செய்துகொள்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

ஒன்றை மட்டும் வீட்டில் கவனியுங்கள்: தூங்கும்போது வியர்க்கிறதா? இள வயதில் தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக, குடும்பத்திலும் இருக்கிற வியர்வை தூக்கத்தில் நின்றுவிடும். கரண்ட் போய் ஃபேன் நின்று வியர்ப்பது கணக்கில் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வியர்ப்பதும் இல்லை. ஃபேன் ஓடும்போதே நைட்டி, தலையணை உறை மாற்றும் அளவுக்கு நனைந்தால்தான் கணக்கு. நமக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவரை நான்கைந்து இரவு பார்க்கச் சொல்லுங்கள். அப்படி நனைந்தால் லோஷன் வேலை அல்ல அது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறக்கம் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். படபடப்பு, கை நடுக்கம் இருந்தால் தைராய்டு. மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய பிறகு வியர்வை கூடியிருந்தால் எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இதெல்லாம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

லோஷன் பிடிக்கும்வரை தையற்காரரிடம் சொல்லி ப்ளவுஸ் அக்குளில் இரண்டு அடுக்கு பருத்தித் துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கழற்றித் துவைக்கிற மாதிரி ஹூக் வைத்தால் இரண்டு ஜோடி போதும். மஞ்சள் கறைக்கு பிளீச்சிங் போடாதீர்கள், இன்னும் மஞ்சளாகும். வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். யூனிஃபார்ம் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் சாம்பலும் வெளிர் நீலமும் மட்டும் வேண்டாம்.