வண்டியில் நாயை எங்கே கட்டுவது, எதில் கட்டுவது?

நாயை வண்டியில் ஏற்றிச் செல்வது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வருவதைப் பற்றியவை. அரை மணி நேரப் பயணம்தானே, இதற்கெல்லாம் பெல்ட் எதற்கு என்ற எண்ணம் பல கடிதங்களில் தெரிகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே ஓட்டுகிறவர் அந்த அரை மணி நேரத்தில் எத்தனை முறை பிரேக்கை அழுத்த வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

எங்கள் லாப்ரடார் 30 கிலோ எடை. காரின் பின் சீட்டில் ஏற்றி, கழுத்துப்பட்டையில் சங்கிலியை மாட்டி, ஹெட்ரெஸ்ட் கம்பியில் கட்டிவிடுகிறேன். இது போதுமா?
– பெரம்பூர் வாசகர்

போதாது, கழுத்துப்பட்டையில் கட்டுவது தனியாக ஓர் ஆபத்தையும் உண்டாக்குகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருக்கும் நாய் அதே வேகத்தில் முன்னோக்கிப் போகும். சுமார் 6 மீட்டர் உயரத்தில், அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. அந்த விசை முழுவதையும் கழுத்தைச் சுற்றியிருக்கும் ஒரு பட்டை தாங்க வேண்டியிருந்தால், மூச்சுக்குழாயும் கழுத்து முள்ளெலும்புகளும் தப்புவது கடினம்.

மார்பையும் தோளையும் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ்தான் காருக்கு ஏற்றது. மார்புப் பகுதியில் அகலமான, மெத்தை வைத்த பட்டையும், முதுகுப் பக்கம் உலோக வளையமும், அழுத்தித் தைத்த இணைப்புகளும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நடைப்பயிற்சிக்கென்று விற்கும் மெல்லிய வலைத்துணி ஹார்னஸில் சுமை முழுவதும் பிளாஸ்டிக் பக்கிளில்தான் விழும். கடைக்காரர் ‘கார் ஹார்னஸ்’ என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013இல் பல ஹார்னஸ்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது பெரும்பாலானவை தேறவில்லை.

அடுத்தது, எதில் மாட்டுவது என்பது. காரின் சீட் பெல்ட்டையே ஹார்னஸின் முதுகுப் பக்கத்தில் உள்ள துணிக் காதுக்குள் நுழைத்துப் பக்கிளில் பூட்டுவதுதான் என் முதல் தேர்வு. பக்கிளில் நேராகச் செருகும் குட்டைப் பட்டைகளும் கிடைக்கின்றன. ஆனால் நாய் திரும்பி உட்காரும்போது முன்னங்கால் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தி, பூட்டு திறந்துவிடுவது உண்டு. ஜன்னலுக்கு மேல் இருக்கும் கைப்பிடி, ஹெட்ரெஸ்ட் கம்பி ஆகிய இரண்டும் இந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாய் உட்காரவும் படுக்கவும் முடிகிற நீளம் போதும். நிறுத்திய காரில் நாயை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். மூக்கு முன் சீட்டின் முதுகைத் தொட்டால் பட்டை நீளம் அதிகம். ரப்பர் போல நீளும் பட்டை வேண்டவே வேண்டாம், ஏனெனில் மோதும் கணத்தில் அதுவும் நீண்டுகொடுக்கும்.

எங்கள் சிப்பிப்பாறை எந்த ஹார்னஸ் போட்டாலும் பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடுகிறது. என்ன செய்வது?
– கொடுங்கையூர் வாசகி

குறை நாயின் உடல்வாகுக்கும் ஹார்னஸின் அமைப்புக்கும் இடையில்தான் இருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை குறுகலாகவும், கழுத்து ஏறக்குறைய தலையளவு அகலமாகவும், மார்பு ஆழமாகவும், இடுப்பு ஒட்டியும் இருக்கும். பயந்து பின்வாங்கும்போது அது தோள்களை ஒடுக்கித் தலையைத் தாழ்த்தும். முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரே ஒரு பட்டை மட்டும் இருக்கும் ஹார்னஸ் அப்போது சட்டையைத் தலை வழியாகக் கழற்றுவதைப் போல உருவிக்கொண்டு வந்துவிடும். உங்களுக்குத் தேவை, விலா எலும்புகள் முடிந்து வயிறு ஒடுங்கும் இடத்தில் இன்னொரு பட்டை உள்ள ஹார்னஸ். விலாக்கூட்டின் அகலத்தைத் தாண்டி அந்த இரண்டாவது பட்டையால் முன்னால் வர முடியாது.

பட்டைக்கும் உடலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்றாவது விரலும் நுழைந்தால் இறுக்குங்கள். இந்த இனங்களுக்கு முடி குட்டை, தோல் மெல்லியது என்பதால், வீடு திரும்பியதும் முன்னங்கால் இடுக்கில் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று கிலோ பொமரேனியன் குட்டி. முன் சீட்டில் என் மனைவி மடியில் வைத்துக்கொள்கிறார். கையில் பிடித்திருக்கும்போது என்ன ஆகிவிடும்?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

மோதும் கணத்தில் மூன்று கிலோவை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. முன் சீட்டில் இருப்பவருக்கு எதிரே ஏர்பேக் இருக்கிறது. ஒரு மனிதரின் மார்பைத் தாங்குவதற்காக வெடித்து விரியும் அந்தப் பை, மடியில் இருக்கும் குட்டியின் மேல் விரிந்தால் உயிர் மிஞ்சாது. உங்கள் மனைவி பின் சீட்டுக்கு மாறி, பக்கத்தில் குட்டியின் கூண்டைச் சீட் பெல்ட்டால் கட்டி வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்கூட்டரில் முன்னால் கால் வைக்கும் இடத்தில் எங்கள் நாய் அழகாக உட்கார்ந்து வரும். பழகிய நாய்தான்.
– கொருக்குப்பேட்டை வாசகர்

எதிரே ஒரு பூனை ஓடும் வரைக்கும்தான் பழகிய நாய். அது எழுந்து நின்றால் ஹேண்டில் திரும்பாது. உங்கள் கால் தரையைத் தொட இடமும் இருக்காது. அதை ஸ்கூட்டரோடு கட்டி வைத்தால், வண்டி சரியும்போது அதன் அடியில் சிக்கிக்கொள்ளும். எனவே நடுத்தர, பெரிய நாய்களுக்கு இருசக்கர வாகனம் ஏற்றதல்ல என்பதே என் முடிவான கருத்து. சிறிய நாய் என்றால், அடிப்பக்கம் கெட்டியான, காற்றோட்டமுள்ள தோள்பையில் வைத்து, பைக்குள் இருக்கும் கொக்கியை ஹார்னஸில் மாட்டி, பின்னால் அமர்பவர் அணிந்துகொண்டு, மெதுவாக, பக்கத்துத் தெருக்கள் வரை போகலாம். விபத்தில் அந்தப் பை எந்தப் பாதுகாப்பும் தராது. ஆட்டோ பிடிப்பது மேல்.

ஆட்டோவில் சீட் பெல்ட்டே கிடையாதே?
– ராயபுரம் வாசகி

கிடையாது, ஆகவே நாய் வெளியே குதிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே முதல் வேலை. நம் ஊர் ஆட்டோக்களில் வலப்பக்கம் கம்பி அடைத்திருக்கும், ஏறி இறங்குவது இடப்பக்கம். நாயை வலப்பக்கம் தரையில், சீட்டில் முதுகு சாய்ந்திருக்கும்படி உட்கார வைத்து, நீங்கள் இடப்பக்கம் உட்காருங்கள். ஹார்னஸில் ஒரு லீஷ், கழுத்துப்பட்டையில் இன்னொரு லீஷ் என்று இரண்டையும் குட்டையாகக் கையில் பிடியுங்கள். விரல்களிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ள வேண்டாம், நாய் பாய்ந்தால் முறிவது உங்கள் விரல். ஆட்டோக் கம்பியில் கட்டாதீர்கள். ஏறும் முன்பே ஓட்டுநரிடம் நாய் வருவதைச் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். நாய்க்குப் பயந்து திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டுபவர் யாருக்கும் நல்லதல்ல.

மீன்பாடி வண்டி ஓட்டுகிறேன். எங்கள் நாய் விடியற்காலையில் துறைமுகத்துக்கு என்னோடு வண்டிப் பலகையில்தான் வரும். கயிற்றில் கட்டியிருக்கிறேன்.
– காசிமேடு வாசகர்

உங்கள் கேள்வியில் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பது இல்லை. கழுத்தில்தான் என்று ஊகிக்கிறேன். திறந்த பலகையிலிருந்து நாய் குதித்தாலோ சறுக்கினாலோ, கயிறு நீளமாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் போகும். நீளம் போதாவிட்டால் கழுத்தில் தொங்கியபடி இழுபடும். இஞ்சின் சத்தத்தில் அது கத்துவது உங்கள் காதில் விழாது. இப்படி இழுபட்டு வரும் நாய்களுக்குக் கால் பாதத்தின் அடித்தோல் முழுவதும் உரிந்திருக்கும். ஆற வாரக்கணக்கில் ஆகும்.

நாயை வீட்டில் விட்டுப் போவதுதான் முதல் யோசனை. அது முடியாதென்றால் கூண்டு வைப்பது ஒன்றே வழி. நாய் எழுந்து நின்று திரும்பும் அளவுள்ள கூண்டைப் பலகையின் நடுவில் வைத்து, இரண்டு எதிர்ப்பக்கங்களிலிருந்தும் கயிறு போட்டு, கையால் அசைத்தால் நகராதபடி இறுக்கிக் கட்டுங்கள். மீன் தண்ணீரும் ஐஸும் வழிந்த தகரத்தில் எந்த நாயாலும் ஊன்றி நிற்க முடியாது என்பதால், கூண்டுக்குள் ஈரச் சாக்கை மடித்துப் போடுங்கள். திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தால் அந்தச் சாக்கே தகரத்தின் சூட்டிலிருந்தும் பாதத்தைக் காக்கும். கூண்டுக்கு மேலே நிழல் வேண்டும், ஆனால் தார்ப்பாயால் நான்கு பக்கமும் மூடிவிடக் கூடாது. ‘குட்டியானை’ என்கிற சிறு சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் நாயை ஏற்றுபவர்களுக்கும் இதே பதில்தான்.

எங்கள் வண்டியில் பின்னால் நிறைய இடம் இருக்கிறது. ராட்வீலரை டிக்கியில் ஏற்றலாமா?
– மாதவரம் வாசகர்

சீட்டுக்குப் பின்னால் கூரை வரை உயரமும் காற்றும் உள்ள வண்டி என்றால் ஏற்றலாம். மூடிய டிக்கி உள்ள செடான் என்றால் கூடவே கூடாது. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் கம்பித் தடுப்பு பொருத்துங்கள். கூண்டு வைப்பதானால் அது பின் சீட்டின் முதுகோடு ஒட்டி, தரையில் உள்ள கொக்கிகளில் கட்டப்பட்டிருக்க வேண்டும். பின்னால் இருந்து வரும் மோதலில் முதலில் நசுங்குவது அந்தப் பகுதிதான் என்பதால், கூண்டுக்கும் பின்கதவுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். நிறுத்தியதும் பின்கதவைத் திறப்பதற்கு முன்பே லீஷைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஜி.என்.டி. சாலை ஓரத்தில் குதித்த நாயைத் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம்.

ஹார்னஸ் மாட்டினாலே ஊளையிடுகிறது, வழியெல்லாம் வாந்தி. அவிழ்த்துவிட்டால் அமைதியாக ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வருகிறது.
– கொளத்தூர் வாசகி

ஹார்னஸ் என்றால் கார், கார் என்றால் ஊசி என்று அது முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்கச் சில வாரம் ஆகும். முதலில் வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டு வேளையில் மட்டும் ஹார்னஸைப் போட்டுக் கழற்றுங்கள். பிறகு நிறுத்திய காரில் அதை மாட்டி, வேகவைத்த கோழித் துண்டு இரண்டைக் கொடுத்து இறக்குங்கள். அடுத்து இஞ்சினை மட்டும் ஓட விடுங்கள். அதன்பின் தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். எந்தப் படியில் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பிக்கிறதோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள். பயணத்துக்கு முன் மூன்று, நான்கு மணி நேரம் உணவு வேண்டாம்; தண்ணீர் கொடுக்கலாம். வாந்தியை நிறுத்த நாய்களுக்கென்றே மருந்து இருக்கிறது, அளவை உங்கள் மருத்துவர் சொல்வார். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஜன்னலில் தலை நீட்டுவது எண்ணூர், மணலிச் சாலைகளில் கண்ணில் மண் விழ வழி. கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, ஓட்டுநர் பக்கம் இருக்கும் ஜன்னல் பூட்டுப் பொத்தானை அழுத்திவிடுங்கள். நாய் தன் காலாலேயே சுவிட்சை மிதித்துக் கழுத்தை நெரித்துக்கொள்ளாமல் இருக்கும்.

நாயைக் கட்டாமல் ஏற்றிச் சென்றால் அபராதம் உண்டா?
– திருவொற்றியூர் வாசகர்

ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக எதையும் வைக்கக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. மடியிலும் காலடியிலும் நாயை வைத்து ஓட்டுபவர் அதற்குள் வருவார் என்பது என் வாசிப்பு. தேவையற்ற வலி உண்டாகும்படி விலங்கை ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

அடிபட்ட தெருநாயைக் காரில் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால் எப்படிக் கட்டுவது?
– எண்ணூர் வாசகர்

அதற்கு ஹார்னஸ் மாட்ட முயல வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் வலி அதிகமாகும், உங்களையும் கடிக்கும். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும் என்பதால், பேண்டேஜ் துணியை மூக்கின் மேல் சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து, காதுகளுக்குப் பின்னால் அவிழ்க்கும் முடிச்சாகக் கட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, வாந்தி எடுத்தாலோ, வாயில் அடிபட்டிருந்தாலோ இந்தக் கட்டு கூடாது. போர்வையை விரித்து, இருவர் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் உள்ள தரையில் படுக்க வையுங்கள். அங்கே உருள இடமில்லை, பிரேக் போட்டாலும் விழாது. ஒருவர் பின்னால் அமர்ந்து போர்வையின் ஓரத்தைக் காலால் அணைத்துக்கொள்ளலாம், முகத்தை மட்டும் அருகில் கொண்டுபோகக் கூடாது. பல்லோ நகமோ பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள்.