80 வெள்ளி கொடுத்து ஃபார்மட் செய்யலாமா? – கணினி கேள்வி பதில்

வாசகர்களின் கணினிக் கேள்விகளுக்கு, சுங்கை சிப்புட் பட்டணத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்திவரும் அக்கா பதில் எழுதுகிறார்.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. 2021இல் பிள்ளைகளின் இல்லிருப்புக் கற்றலுக்காகப் பழைய மேசைக்கணினி ஒன்று வாங்கினோம். விண்டோஸ் 10. இரண்டு வாரமாகத் திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று பெட்டி பெட்டியாக வருகிறது. பென்டிரைவைச் செருகினால் கோப்புறை எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகிறது. மகன் நான்காம் படிவம்; பள்ளி வேலையைப் பட்டணத்து ஃபோட்டோஸ்டாட் கடையில் பிரிண்ட் எடுப்பான். போன மாதம் ஒரு பந்து விளையாட்டை இலவசமாக இறக்கினான். பக்கத்து வீட்டுத் தம்பி 80 வெள்ளிக்கு ஃபார்மட் செய்து தருகிறேன் என்கிறார். அதில் என் அம்மாவின் கடைசித் தீபாவளிப் படங்கள் இருக்கின்றன. வேறு எங்கும் இல்லை. பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோலகங்சார் வட்டாரம்

பதில்: தங்கச்சி, அந்தத் தம்பியை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுவது. அது தப்பான வைத்தியம் என்று சொல்ல மாட்டேன், சில கணினிக்கு அதுதான் வழி. ஆனால் அம்மாவின் படங்களை வெளியே எடுக்காமல் அந்தப் பொத்தானை யாரும் அமுக்கக் கூடாது.

2008இல் எங்கள் தோட்டம் கைமாறியது. லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா ஒரு சின்னக் கேமராவைக் கடன் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றினார். பால் நிறுக்கும் கொட்டகை, காலையில் ஆள் கணக்குப் பார்க்கும் பெரட்டு எடுக்கும் இடம், காளியம்மன் கோயில், எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா நட்ட முருங்கை, எல்லாம் எடுத்தார். படங்களைக் கணினியில் ஏற்றினோம். அடுத்த ஆண்டு அந்தக் கணினிக்கு வைரஸ் வந்தது. பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்தோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது புதுசு மாதிரி ஓடியது. படங்கள் மட்டும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. என் கடைக்கு யார் வந்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால் ‘உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்றுதான் கேட்பேன்.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் மூன்று தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன: மூலையில் வரும் பெட்டிகள், பென்டிரைவ், மகன் இறக்கிய விளையாட்டு. எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் பெரிய பூதமாகத் தெரிகிறது. முதல் காரியமாக இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். வைஃபையை அணைத்தால் போதும். இந்த வேலை முடியும்வரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

வலது மூலைப் பெட்டிகள்தான் அதிகம் பயமுறுத்தும், ஆனால் மூன்றில் அதுதான் சாது. பெரும்பாலும் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அமுக்கவும்’ என்று வந்திருக்கும், வீட்டில் யாரோ அமுக்கியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அமுக்கி செட்டிங்ஸ் போங்கள். அங்கே பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எதுவானாலும் நீக்குங்கள். பெட்டிகள் நின்றுவிடும். அந்தப் பெட்டியில் இருக்கும் ‘ஸ்கேன்’ பொத்தானை மட்டும் தொடாதீர்கள். இல்லாத நோய்க்கு மருந்து விற்கிற கடைக்கு அது கூட்டிப் போகும்.

பென்டிரைவில் இருப்பது நிஜமான புழு, அதாவது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தன்னைத்தானே பரப்பிக்கொள்ளும் நிரல். மகனின் பென்டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல், கோப்புறைப் படத்தை உற்றுப் பாருங்கள். இடது கீழ் மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி இருக்கும். அதன்மேல் வலது பொத்தானை அமுக்கி, கடைசியில் இருக்கும் பிராப்பர்டீஸைப் பாருங்கள். அளவு 1 அல்லது 2 கே.பி.தான் காட்டும். ஒரு தவணையின் பள்ளி வேலை அத்தனையும் 2 கே.பி.க்குள் அடங்குமா? அது கோப்புறையே கிடையாது. உண்மையான கோப்புறையைப் புழு மறைத்துவிட்டு, அதே பெயரில் இந்தப் பொய்யை வைத்திருக்கிறது. நாம் இரண்டு தடவை கிளிக் செய்தால் முதலில் புழு ஓடும், அப்புறம் கோப்புறையையும் திறந்து காட்டும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரு காலத்தில் இவ்வளவு சிரமம்கூட அதற்குத் தேவைப்படவில்லை. 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் போன்ற புழுக்கள், பென்டிரைவைச் செருகினாலே தாமாக ஓடின. 2011இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அந்த வழியை அடைத்தது. அன்றிலிருந்து புழுவுக்கு நம் விரல் தேவைப்படுகிறது. அம்புக்குறியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டால் அது நம்மை ஒன்றும் செய்யாது. பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்.

இனி சுத்தம் செய்யும் வேலை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆண்டிவைரஸே போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் அதை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் மகன் இறக்கிய மாதிரி இலவச விளையாட்டுகள் ‘ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவு’ என்று சொல்லும். பையன் அணைத்திருப்பான், அல்லது அந்த விளையாட்டே தன்னை டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போங்கள். ரியல் டைம் புரொடெக்‌ஷன் ஓடுகிறதா பாருங்கள். அதே பக்கத்தின் அடியில் எக்ஸ்குளூஷன்ஸ் இருக்கும். நீங்கள் சேர்க்காத எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை தடவை ஸ்கேன் செய்தாலும், வாசலில் உட்கார்ந்திருக்கும் திருடனைத் தாண்டிப் போய் வீட்டுக்குள் தேடுகிற கதைதான்.

அப்புறம் சில நிமிடம் மட்டும் இணையத்தை இணைத்து டிஃபெண்டரைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதில் கடைசியாக ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானாக அணைந்து எழும், விண்டோஸ் வராமல் வேறொரு திரை வரும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் ஓடும்போது விழித்திருக்கும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ளும். இந்த ஸ்கேன் அது எழுவதற்கு முன்பே தேடிவிடுகிறது. கால் மணி நேரம் ஆகும், பழைய கணினி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நடுவில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். முடிந்து விண்டோஸ் வந்ததும், ஒரு இரவு முழுக்க ஃபுல் ஸ்கேன் ஓட விடுங்கள். உங்கள் கணவருக்கு இரவு வேலை இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இந்த ஸ்கேன் எதுவும் படங்களைத் தொடாது. அது முடிந்த பிறகு புதிதாக ஒரு பென்டிரைவ் வாங்கி, படங்களையும் வீடியோக்களையும் மட்டும் அதில் எடுங்கள். விளையாட்டு, நிரல், ஷார்ட்கட் எதுவும் கூடாது. எடுத்த படங்களை இன்னொரு கணினியில் திறந்து, அம்மாவின் முகம் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றது. மகனின் பென்டிரைவில் மறைந்து கிடப்பதை மீட்க, ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதை அமுக்குங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் குறியை எடுத்துவிடுங்கள். சில சமயம் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். பள்ளி வேலையை எடுத்துக்கொண்டு, அந்தப் பென்டிரைவைத் தாராளமாக ஃபார்மட் செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் புழு திரும்பி வந்தால், அந்தத் தம்பியைக் கூப்பிட்டு 80 வெள்ளியைக் கொடுங்கள். படங்கள் உங்கள் கையில் இருக்கும், கவலை இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது அந்தப் பந்து விளையாட்டைப் பற்றித்தான். காசுக்கு விற்பதை இலவசமாகக் கொடுக்கும் தளங்களில் கடவுச்சொல் திருடும் நிரல்கள் நிறைய ஒளிந்திருக்கின்றன. லும்மா என்ற ஒன்று, 2025 மார்ச் 16இலிருந்து மே 16 வரை இரண்டே மாதத்தில் உலகம் முழுவதும் 394,000க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இந்த வகை நிரல், சத்தம் போடாமல் குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், நாம் உள்ளே நுழைந்திருக்கும் கணக்குகளின் அடையாளத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கணினியைத் துடைத்தாலும் போனது போனதுதான். ஆகவே இன்றைக்கே, அந்தக் கணினியில் அல்ல, உங்கள் கைப்பேசியில் இருந்து மின்னஞ்சல், முகநூல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். மாற்றியதும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அமுக்குங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். திருடனிடம் அந்த அடையாளம் இருந்தால், கடவுச்சொல் கேட்காமலே கணக்கு அவனை உள்ளே விட்டுவிடும். விளையாட்டை நீக்கிவிடுங்கள், பையனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்ல மாட்டான். சொல்லாத வைரஸைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது.

பிரிண்ட் எடுக்க இனி பென்டிரைவைக் கொண்டுபோகாமல், மின்னஞ்சலில் கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நூறு பேரின் பென்டிரைவ் ஏறி இறங்கும் கணினி அது, கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை பெறப் பதிந்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் காசு இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு இருக்கும்.

கேள்வி: அக்கா, ஒன்றுக்கு இரண்டாக ஆண்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு கூடுமா?
– கல்லூரி மாணவர், தாப்பா

பதில்: கூடாது தம்பி. எந்நேரமும் காவல் இருக்கும் இரண்டு நிரல்கள் ஒரே கோப்பை ஒரே சமயத்தில் திறந்து பார்க்கப் பார்க்கும், கணினி மாட்டு வண்டி வேகத்தில் ஓடும். ஒன்றை ஒன்று வைரஸ் என்று பிடித்துக்கொள்வதும் உண்டு. காவலுக்கு ஒன்று போதும். சந்தேகம் வந்தால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கி ஒரு தடவை ஓட்டலாம். அது காவல் காக்காது, தேடிவிட்டுப் போய்விடும். இறக்கிய பத்து நாளில் காலாவதியாகும், அடுத்த தடவை புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்தப்பா எண்ணிலிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வந்தது. திறந்தால் ஏதோ செயலியை நிறுவச் சொன்னது, நிறுவிவிட்டேன். அழைப்பிதழும் இல்லை, ஒன்றும் இல்லை. கைப்பேசிக்கும் வைரஸ் வருமா அக்கா?
– இல்லத்தரசி, பீடோர்

பதில்: வரும் தங்கச்சி, உங்களுக்கு வந்திருக்கிறது. கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்திருந்தால் அது அழைப்பிதழே அல்ல, செயலி. அழைப்பிதழ் படமாக வரும், இல்லாவிட்டால் பி.டி.எஃப். ஆக வரும். எதையும் நிறுவச் சொல்லாது. இந்தப் போலிச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வாங்கிக்கொள்ளும். பணம் மாற்றுவதை உறுதிசெய்யும் டேக் எண்ணை வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பினால், அது உங்களுக்கு வரும்போதே திருடர்களுக்கும் போய்விடும்.

இதைப் படித்ததும் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வீட்டில் இன்னொருவர் கைப்பேசியில் இருந்து உங்கள் வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. பணம் போயிருந்தால் உடனே 997. அது தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் எண், 2022இலிருந்து இருக்கிறது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள், ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். போலீஸ் புகார் அப்புறம் செய்யலாம்.

அந்தச் செயலியை நீக்க முயலுங்கள், ஆனால் நான் அதோடு விட மாட்டேன். படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துக்கொண்டு கைப்பேசியை முழுதாக ரீசெட் செய்துவிடுங்கள். சித்தப்பா உங்களை ஏமாற்றவில்லை, அவர் கைப்பேசியும் இதே மாதிரி மாட்டியிருக்கும். அவர் எண்ணிலிருந்து இன்னும் எத்தனை சொந்தக்காரர்களுக்குப் போயிருக்கிறதோ. போன் போட்டு அவர் குரலைக் கேட்டுச் சொல்லுங்கள். புலனத்தில் எழுதாதீர்கள், அதைப் படிப்பது அவராக இல்லாமல் இருக்கலாம்.