இலை பச்சையானால் காட்மியம் போய்விட்டதா?

கேள்வி: எங்கள் வாய்க்காலில் சில வருடங்களாகத் தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்தது. மண் பரிசோதனையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அதிகம் என்று வந்திருக்கிறது. நெல்லும் கீரையும் வெளிறி, வேர் ஓடாமல் நிற்கின்றன. வளர்ச்சி ஊக்கி தெளித்தால் தேறும் என்கிறார்கள். தெளிக்கலாமா?

பதில்: தெளிக்கலாம், பயிர் ஓரளவு தேறவும் செய்யும். ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஊக்கி, செடி தாக்குப்பிடிக்கத்தான் உதவுகிறது. மண்ணில் இருக்கும் காட்மியம் அப்படியேதான் இருக்கும். வெளிறிய கீரையை யாரும் வாங்க மாட்டார்கள். பச்சைப்பசேல் என்று இருந்தால் வாங்கிச் சமைப்பார்கள். என் கவலையே அதுதான்.

இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றை உறிஞ்ச வேரில் உள்ள வாசல்கள் வழியாகத்தான் காட்மியமும் நுழைகிறது. உள்ளே போனதும் செல்களில் ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகள் பெருகி, சவ்வுகளையும் பச்சையத்தையும் சிதைக்கின்றன. ஊக்கிகளில் பல வகை உண்டு. அவற்றில் சாலிசிலிக் அமிலமும் பிராசினோஸ்டீராய்டும் அந்த நச்சை முறிக்கும் நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அப்சிசிக் அமிலம் என்ற ஊக்கி இலைத்துளைகளை மூடி நீரோட்டத்தைக் குறைப்பதால், உலோகம் மேலே ஏறுவதும் குறைகிறது. ஆக்சின் என்ற ஊக்கி வேரை வளர்க்கும். ஆனால் மாசுபட்ட மண்ணிலிருந்து உலோகத்தை அதிகமாக இழுத்தெடுக்கவும் இதே ஆக்சினைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அதனால் உணவுப் பயிரில் அது வேண்டாம். ஜிப்ரலிக் அமிலம் என்ற ஊக்கி அளவு மீறினால் தண்டு நீண்டு மெலிந்து, நெல் சாய்ந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது சாலிசிலிக் அமிலம். லிட்டருக்குச் சுமார் 70 மில்லிகிராம் போதும். குளிர்ந்த நீரில் லேசில் கரையாது. கொஞ்சம் எத்தனாலில் கரைத்துவிட்டு நீரில் கலக்குங்கள். மாலையில், முதலில் நாலைந்து வரிசைக்கு மட்டும் தெளித்துப் பாருங்கள். கூடுதலாகப் போனால் இலை கருகும், வளர்ச்சியும் முடங்கும். பக்கத்தில் ஒரு பட்டையைத் தெளிக்காமல் விட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது மண் வேலை. கழிவுநீர் வருவதை நிறுத்துங்கள். மண் அமிலத்தன்மையாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு, கார அமில நிலையை (pH) 6.5 வரை கொண்டுவாருங்கள். காட்மியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நன்கு மக்கிய தொழு உரமும் அதற்குத் துணை. துத்தநாகம் குறைவாக இருந்தால் அதையும் கொடுங்கள். நெல் வயலில் கதிர் வரும் பருவத்தில் தண்ணீர் நிற்க வைத்தால் நெல்லில் ஏறும் காட்மியம் குறையும். ஆர்சனிக் என்ற இன்னொரு நச்சு இருக்கும் மண்ணில் இது நேர் எதிராகப் போகும், தண்ணீர் நின்றால் ஆர்சனிக் ஏறும். அதனால் பரிசோதனை அறிக்கையில் ஆர்சனிக்கையும் பாருங்கள்.

கீரை மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். இலைக் காய்கறிகள்தான் காட்மியத்தை அதிகம் சேர்க்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் அரிசி வழியாகவும் நீர் வழியாகவும் உடலில் சேர்ந்த காட்மியம், எலும்பை நொறுக்கும் இதாய்-இதாய் நோயைக் கொண்டுவந்தது. சாப்பிடுபவருக்கு அதன் ருசிகூடத் தெரியாது.

அறுவடையானதும் தானியத்தையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு, தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், இலைக் காய்கறிக்கு 0.2. அதற்கு மேல் வந்தால் விற்கவும் வேண்டாம், வீட்டில் சமைக்கவும் வேண்டாம். அடுத்த போகத்துக்கு அந்த வயலில் பருத்தி, பூச்செடி போன்ற சாப்பிடாத பயிருக்கு மாறிவிடுங்கள்.