டீச்சரிடம் கேளுங்கள்: பத்தாவது ஆள்

போன இதழில் பினாங்கு யூதர் இடுகாட்டைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் நிபோங் திபாலுக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பள்ளி மாற்றம், பென்ஷன், மூட்டுவலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீச்சர், என் மகள் சிங்கப்பூரில் ஒரு யூதப் பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். வரும் செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை இரவு அவர்களுக்குப் புதுவருஷமாம். அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து நீயும் சாப்பிட வேண்டும் என்று பாட்டியம்மாவின் மருமகள் சொல்லியிருக்கிறார். மகள் என்னைக் கேட்கிறாள், நான் உங்களைக் கேட்கிறேன். போகலாமா? என்ன எடுத்துக்கொண்டு போவது?
— ஒரு தாய், பாரிட் புந்தார்

பதில்: தாராளமாகப் போகட்டும், தங்கச்சி. சம்பளத்துக்கு வந்த பிள்ளையைப் பந்தியில் உட்காரச் சொல்கிறார்கள். அந்த மருமகள் நன்றாக இருக்கட்டும்.

அந்தப் பண்டிகைக்கு ரோஷ் ஹஷனா என்று பெயர். இந்த வருஷம் பிறப்பது அவர்கள் கணக்கில் 5787. அவர்களுக்கு நாள் தொடங்குவது காலையில் அல்ல, சூரியன் மறையும்போது. அதனால்தான் 11ஆம் தேதி இரவிலேயே விருந்து. அதோடு அது வெள்ளிக்கிழமை இரவு. வாரா வாரம் வரும் அவர்களுடைய ஓய்வு நாளும் அப்போதே தொடங்கிவிடும். இதை மகள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஓய்வு நாளில் பழைய முறைப்படி இருக்கும் வீடுகளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், விளக்குச் சுவிட்சைத் தொட மாட்டார்கள். கழிவறை விளக்கைக்கூட முன்னதாகவே போட்டு வைத்திருப்பார்கள். நம் பிள்ளை வளர்ந்த பழக்கத்தில் வெளியே வரும்போது அதை அணைத்துவிட்டால், பண்டிகை முடியும் ஞாயிறு இருட்டும் வரை அந்த வீட்டார் இருட்டில்தான் போய் வர வேண்டும். கைப்பேசியைப் பையிலேயே வைக்கட்டும். படம் எடுக்க வேண்டாம்.

சமைத்த எதையும் எடுத்துப் போக வேண்டாம். நீங்கள் முறுக்கு சுட்டு அனுப்ப நினைப்பீர்கள், எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பாத்திரம், எண்ணெய், அடுப்பு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிட முடியாமல் தவிப்பார்கள். வெட்டாத முழுப் பழங்கள் போதும். அதையும் வியாழக்கிழமையே கொடுத்துவிடச் சொல்லுங்கள். மாதுளை கிடைத்தால் இன்னும் பொருத்தம்.

சாப்பிடுவதற்கு முன் குவளையால் கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். அதிலிருந்து ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும் வரை பேச மாட்டார்கள். நம்மேல் கோபமோ என்று மகள் பயந்துவிடக் கூடாது. சிங்கப்பூர் யூதர்களில் பழைய குடும்பங்கள் பலவும் பாக்தாத்திலிருந்து வந்தவை. அந்த வழிக்காரர்கள் புதுவருஷ இரவில் ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவதோடு, பேரீச்சை, மாதுளை, சுரைக்காய், தட்டைப்பயறு என்று ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு வேண்டுதல் சொல்வார்கள். அந்த வேண்டுதல்களில் பல சிலேடை! பயற்றின் பெயர் ரூபியா. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் நற்செயல்கள் ‘யிர்பு’, அதாவது பெருகட்டும் என்பார்கள். காளமேகத்தைப் படித்த நமக்கு இதை ரசிக்கத் தெரியாதா?

இறைச்சியும் பாலும் ஒரே பந்தியில் வராது. ஆகவே சாப்பிட்டு முடித்ததும் பால் தேநீர் கேட்க வேண்டாம். பன்றியும் இறாலும் இருக்காது, மாட்டிறைச்சி இருக்கலாம். அதைச் சாப்பிடுவதில்லை என்று முன்பே சொன்னால் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வாசலில் “ஷனா தோவா” என்றால் நல்ல வருஷம் என்று பொருள். அது போதும்.

வழிபாட்டுக்குக் கூட்டிப்போனால் முன்கூட்டியே பெயர் கொடுத்து, அடையாளப் பத்திரத்தோடு போக வேண்டும். வாட்டர்லூ தெருவில் 1878இல் திறந்த மகேய்ன் அபோத் ஜெப ஆலயத்தில் பெண்களுக்கு இடம் மேல்மாடத்தில். என் தம்பி மகன் கல்யாணத்துக்குப் போனபோது அந்தத் தெருவில் நடந்தேன். அதே தெருவில் நம் கிருஷ்ணன் கோயில், ஒட்டினாற்போல் சீனர்களின் குவான் யின் கோயில். குவான் யினைக் கும்பிட்டுவிட்டு வரும் சீன அம்மாக்கள் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

புதுவருஷத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். இந்த வருஷம் முதல் நாள் சனிக்கிழமையில் விழுவதால் அன்று ஊத மாட்டார்கள், 13ஆம் தேதி ஞாயிறன்றுதான். நூறு முறை ஒலிக்கும் அந்தக் கொம்பைக் கேட்க வேண்டுமானால் மகள் ஞாயிற்றுக்கிழமை போகட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 20ஆம் தேதி மாலையிலிருந்து 21ஆம் தேதி இருட்டும் வரை யோம் கிப்பூர் விரதம். இருபத்தைந்து மணி நேரம் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. பாட்டியம்மா பிடிவாதமாக நானும் இருப்பேன் என்று சொல்லக்கூடும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் விரதத்தை விடத்தான் வேண்டும் என்பது அவர்கள் மறையின் சட்டமே. மருந்து வேளைகளை ஒரு தாளில் எழுதி, ஒரு வாரம் முன்பே அந்த மருமகளிடமும் டாக்டரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்குக் காலையில் போய்க் கேட்டால் வீடே விரதத்தில் சோர்ந்து கிடக்கும்.

கேள்வி: பினாங்கில் ‘யஹூடி ரோடு’ என்று ஒன்று இருந்ததாக எழுதினீர்கள். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?
— ஐந்தாம் படிவ மாணவன், சுங்கை பாக்காப்

பதில்: தம்பி, அந்தச் சாலைதான் இன்றைய ஜாலான் ஜைனல் அபிடின். அங்கே உள்ள இடுகாட்டில் நூற்றுச் சொச்சம் கல்லறைகள். இருப்பதில் பழையது 1835ஆம் வருஷத்துக் கல். கடைசி அடக்கம் 2011இல். பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஓர் இளம் யூத அதிகாரியும், 1941இல் விபத்தில் இறந்தவர், அங்கேதான் கிடக்கிறார். பூ வைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை, சிறு கல் வைப்பார்கள். நானும் ஒரு கல் வைத்துவிட்டு வந்தேன்.

1899இல் பினாங்கில் 172 யூதர்கள் இருந்தார்கள். வியாபாரம் சிங்கப்பூர்ப் பக்கம் சாய்ந்ததும் பலர் அங்கே போனார்கள். ஜப்பான்காரன் வந்தபோது மிச்சமிருந்தவர்களில் பலரும் கலைந்தார்கள். போருக்குப் பிறகு பிள்ளைகள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போனார்கள். பாக்தாத் வழியில் வந்து சிங்கப்பூரில் நிலைத்த ஒரு யூதக் குடும்பத்தின் பிள்ளை டேவிட் மார்ஷல், 1955இல் அந்த ஊரின் முதல் முதலமைச்சர் ஆனவர்.

பினாங்கு ஜெப ஆலயம் இருந்தது நாகூர் ரோட்டில், 28ஆம் எண். ஆமாம், நம் நாகூர்தான்! 1929இல் திறந்து 1976இல் மூடினார்கள். மூடிய காரணத்தைக் கேள். இடிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. பத்துப் பேர் சேரவில்லை.

அவர்கள் சட்டப்படி சில முக்கியப் பிரார்த்தனைகளைச் சொல்ல பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் கூட வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தால் தோரா என்னும் மறைச் சுருளை எடுத்துப் படிக்க முடியாது, இறந்தவருக்கான துதியைச் சொல்ல முடியாது. பெண்களை எண்ணாதது எனக்கு உடன்பாடில்லை. இன்று சில சபைகளில் பெண்களையும் எண்ணுகிறார்கள், அது சரி.

1971இல் நான் பினாங்கில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். சனிக்கிழமைக் காலைகளில் நாகூர் ரோடு வழியாகத் தட்டச்சு வகுப்புக்குப் போவேன். கடைவீட்டு முன்தாழ்வாரத்தில் வெள்ளைச் சட்டை, தொப்பியோடு ஒரு பெரியவர் நின்று தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்காக நிற்கிறார் என்று அத்தையைக் கேட்டேன். “பத்துப் பேரு பத்தலயாம், அதான் நிக்கிறாரு” என்றார் அத்தை. அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு போல இருந்தது. ஐந்து வருஷத்தில் கதவு சாத்தியாயிற்று.

இன்னொரு வழக்கம் சொல்கிறேன். நம் தோட்டத்துப் பெரட்டில் விடியற்காலை கிராணி பெயர் வாசித்துத் தலையை எண்ணுவார். யூதர்கள் மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பார்கள். அவர்கள் மறையில் சங்கீதம் என்னும் துதிப்பாடல்களில் பத்தே சொற்கள் கொண்ட ஒரு வரி இருக்கிறது. ‘உம் மக்களை இரட்சியும்’ என்று தொடங்கும். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். வரி முடிந்தால் ஆள் சேர்ந்தாயிற்று.

கேள்வி: அவர்கள் பண்டிகைத் தேதியும் வருஷா வருஷம் மாறுகிறதே, முஸ்லிம்களின் ஹரி ராயா மாதிரியா?
— ஓய்வுபெற்ற கிராணி, பாகான் செராய்

பதில்: இல்லை ஐயா, சீனப் பெருநாள் மாதிரி. நிலாக் கணக்கில் வருஷம் 354 நாள். அப்படியே விட்டால் வருஷத்துக்குப் பதினோரு நாள் பின்னுக்கு வரும், ஹரி ராயா அப்படித்தான் எல்லா மாதங்களையும் சுற்றி வருகிறது. யூதர்கள் 19 வருஷத்துக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிக்கட்டுவார்கள். பிறக்கப்போகும் 5787க்குப் பதின்மூன்று மாதம். அதனால் அடுத்த புதுவருஷம் 2027 அக்டோபர் 2க்குத் தள்ளிப்போகிறது. மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கும். அதனால் சுக்கோத் என்னும் பந்தல் பண்டிகை எப்போதும் பௌர்ணமியில் வரும், இந்த முறை செப்டம்பர் 25 மாலை. ஓலையோ கிளையோ போட்டு, மேலே நட்சத்திரம் தெரியும்படி கூரை வேய்ந்து, ஏழு நாள் அதற்குள் சாப்பிடுவார்கள். கொச்சி யூதர்கள் வேய்ந்தது தென்னங்கீற்று. பந்தக்கால் நட்டுப் பழகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: தமிழுக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நிபோங் திபால்

பதில்: உண்டு. சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரேய மறையில் உள்ள சொல் ‘துக்கி’. அது நம் ‘தோகை’ என்பது அறிஞர் பலர் கருத்து. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர அரசன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் கொடுத்துச் செப்பேடு எழுதித் தந்தான். எழுத்து வட்டெழுத்து. பிள்ளைகளுக்கு வட்டெழுத்துப் பாடம் எடுக்கும்போது இதைக் காட்டுங்கள்.

கேள்வி: காசாவில் நடப்பதைப் பார்த்த பிறகும் இவர்களைப் பற்றி எழுத வேண்டுமா? நம் கோயில்களைப் பற்றி எழுதக் கூடாதா?
— வாசகர், கூலிம்

பதில்: காசாப் பிள்ளைகளை நினைத்து என் வயிறும் எரிகிறது ஐயா. ஓர் அரசு செய்வதற்கு நாகூர் ரோட்டில் ஆள் பார்த்து நின்ற பெரியவர் பொறுப்பல்ல. பாரிட் புந்தார் பெண் கவனித்துக்கொள்ளும் பாட்டியம்மாவும் பொறுப்பல்ல. இரண்டையும் என்னால் ஒன்றாகப் பார்க்க முடியாது.

நம் கோயிலைப் பற்றிக் கேட்டீர்கள். இத்தனையும் எழுதும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். கிரியான் ஆற்றங்கரைத் தோட்டத்தில் நான் பிறந்தேன். அப்பா பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். ஆடித் தீமிதிக்கு மூன்று தோட்டத்து ஜனம் கூடும். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயம் காலியானது, ஜனம் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்குச் சிதறியது. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பூசாரி மோட்டார் சைக்கிளில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறார். போன மாதம் நான் போனபோது அவரும் நானும்தான். அவர் மணி அடித்தார், நான் கும்பிட்டேன், பூசை நடந்தது.

யூதர்களுக்குப் பத்து என்று ஓர் எண் இருந்தது. ஒன்பது ஆனதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நமக்கு அந்த எண் இல்லை. ஒருவர் போனாலும் பூசை நடக்கிறது, அதனால் குறைந்ததே நம் கண்ணில் படவில்லை. இருநூறு பேர் ஐம்பது பேரானபோது யாரும் தெருவில் வந்து நின்று பார்க்கவில்லை. ஐம்பது பேர் இரண்டு பேரானபோதும் பார்க்கவில்லை. இது என்னை உறங்க விடவில்லை ஐயா.

ஆகஸ்டு 14 ஆடிக் கடைசி வெள்ளி. அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நிபோங் திபால், ஜாவி, பாரிட் புந்தார் தாமான்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். மாலை ஆறு மணிக்குக் கூழ் ஊற்றுகிறோம். மழை பெய்தால் செம்மண் பாதை வழுக்கும், காரைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கோயில் வாசலில் நான் நின்றுகொண்டிருப்பேன்.