தங்கை மகனுக்கு நங்கூரம் வந்தாச்சு, என் மகனுக்கு எப்போ?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் விவசாயம் செய்கிறேன். மூத்தவன் 2018-ல் கடற்படையில் எஸ்.எஸ்.ஆர். (பிளஸ் டூ முடித்துச் சேரும்) மாலுமியாகச் சேர்ந்தான், எலக்ட்ரிகல் பிரிவு. அதே வருஷம் சேர்ந்த என் தங்கை மகன் சமையல் பிரிவு. அவனுக்கு மாலுமிக்கு அடுத்த படியான லீடிங் ரேங்க், அதாவது கையில் நங்கூரச் சின்னம், வந்துவிட்டது, இவனுக்கு வரவில்லை. கேட்டால் போனை வைத்துவிடுகிறான். திருவாரூரில் ஒருவர் இரண்டு லட்சம் கொடுத்தால் 'மேலே பேசி' முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இளையவன் அக்னிவீர். அவனுக்காவது ஒழுங்காகப் பதவி உயர்வு வருமா?

பதில்: ஐயா, முதலில் அந்த இரண்டு லட்சம். கொடுக்காதீர்கள். மாலுமிகளின் பதவி உயர்வு வரிசை, இடமாற்றம் எல்லாம் மும்பை மான்கூர்டில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் நடப்பவை. கப்பலில் அதை 'கேப்ஸ்' என்போம். திருவாரூர்க்காரருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மகனுக்குத் தானாக முறை வந்தால் 'நான்தான் முடித்தேன்' என்பார். வராவிட்டால் 'கொஞ்சம் பொறுங்கள்' என்பார். ஏற்கெனவே போனில் பணம் அனுப்பியிருந்தால் இன்றே 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

அடுத்தது தங்கை மகன். ஒரே வருஷம் சேர்ந்தார்கள் என்பதை வைத்து இருவரையும் ஒப்பிட முடியாது. சமையல் பிரிவின் வரிசை வேறு, எலக்ட்ரிகல் வரிசை வேறு. மேட்டூர் ஒரே நாளில்தான் திறக்கிறது. ஆனால் வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்றே உங்கள் கிளை வாய்க்காலில் வந்துவிடுகிறதா? மேல்நிலையில் எத்தனை இடம் காலியாகிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு பிரிவும் நகரும்.

ஆனால் வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும். அதாவது லீடிங்குக்கான தேர்வை முடித்திருக்க வேண்டும், மருத்துவத் தகுதி சரியாக இருக்க வேண்டும், நடத்தை ஏட்டில் தண்டனை இருக்கக் கூடாது, கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரை வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், முறை வரும்போது அடுத்தவர் பெயர் மேலே போய்விடும்.

போனை வைத்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, என் அனுபவத்தில் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: பரீட்சையில் ஏதோ நிற்கிறது. நானும் லீடிங் பரீட்சையில் முதல் தடவை தேறாதவன். எழுத்தில் தேறினேன். செய்முறையில் தேர்வு நடத்திய சீஃப் ஒரு முழக் கயிற்றை மேசைமேல் போட்டு பௌலைன் என்கிற கண்ணி முடிச்சு போடச் சொன்னார். வேதாரண்யம் கரைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். நான் வலங்கைமான் வயக்காட்டுப் பிள்ளை; இரண்டு தடவையும் முடிச்சு அவிழ்ந்து அவர் கையோடு போனது. 'போயிட்டு வா' என்றார், அவ்வளவுதான். ஆறு மாதம் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆகவே 'எப்போ ரேங்க்?' என்று கேட்காதீர்கள். 'எந்தப் பேப்பர் பாக்கி?' என்று கேளுங்கள். பதில் வரும்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: எடை. பையன் லீவில் வந்தால் விரால் குழம்பும் கெட்டித் தயிருமாக அம்மா தாங்குவாள். திரும்பிப் போகும்போது பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளியிருக்கும். கடற்படையில் நல்ல மருத்துவத் தகுதியை எஸ்1ஏ1 என்று எழுதுவார்கள். எடை வரம்பு மீறினால் வகை இறங்கும். வகை இறங்கினால் பதவி உயர்வு தொங்கும். பரீட்சை முடித்தும் தொப்பையால் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இதைப் பெரிதாக ஊதிவிட்டிருப்பார்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி மாலுமிக்கு ஆரம்ப அடிப்படை 21,700, லீடிங்குக்கு 25,500. பார்த்தால் 3,800 ரூபாய் ஏறும் போலிருக்கும். ஆனால் வருஷா வருஷம் இன்கிரிமென்ட் வாங்கி இப்போது 26,000-ல் இருப்பவருக்கு லீடிங் கிடைத்தால் 27,100 ஆகும். 1,100 ரூபாய்தான் வித்தியாசம், அதன்மேல் அகவிலைப்படி. அதோடு, ரேங்க் வராவிட்டாலும் 8, 16, 24 வருஷங்களில் எம்.ஏ.சி.பி. என்ற ஏற்பாட்டில் அடுத்த சம்பள நிலை கிடைக்கும். அப்போது சம்பளம் ஏறும், கையில் நங்கூரம் ஏறாது. லீடிங்கின் உண்மையான மதிப்பு அடுத்த படியில்தான்: பெட்டி ஆபீசர், சீஃப், மாஸ்டர் சீஃப் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று ஏறுகிற ஏணியின் முதல் படி அது. முதல் வகுப்பு மாஸ்டர் சீஃப் என்றால் ராணுவத்தின் சுபேதார் மேஜருக்குச் சமம். மூளையும் முனைப்பும் உள்ள பையன் என்றால், உள்ளிருந்தே தேர்வு எழுதி, எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வு நேர்காணலில் தேறி, அதிகாரியாகவும் ஆகலாம்.

எல்லாத் தகுதியும் முடித்தும் தன்னை விட்டுவிட்டார்கள் என்று மகன் நினைத்தால், தன்னை நேரடியாகக் கவனிக்கும் டிவிஷனல் ஆபீசர் வழியாக எழுத்தில் கொடுக்கட்டும். நீங்கள் கமாண்டிங் ஆபீசருக்குக் கடிதம் போடாதீர்கள், எம்.பி.யைப் பிடிக்காதீர்கள், பையனுக்குத்தான் தலைகுனிவு. உள்ளே கொடுத்த மனு முடிந்தும் நியாயம் கிடைக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலேயே ஒரு அமர்வு உண்டு. இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

சரி, இளையவர். அக்னிவீராக இருக்கும் நான்கு வருஷத்தில் பதவி உயர்வு என்ற பேச்சே இல்லை. அது தனி ரேங்க். முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். எடுத்தால் குறைந்தது இன்னும் 15 வருஷம். அப்படித் தங்குபவருக்குச் சேவா நிதியில் (நான்கு வருஷ முடிவில் மொத்தமாகக் கொடுக்கும் சுமார் பத்து லட்சம்) தன் சம்பளத்தில் பிடித்ததும் அதன் வட்டியும்தான் கையில் வரும். அரசு போடும் பங்கு வெளியே போகிறவர்களுக்கு மட்டுமே. இதைத் தெரியாமல் அந்தப் பத்து லட்சத்தை நம்பி நிலம் பேசி வைத்தவர்கள் உண்டு. அப்புறம், நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது. பெண் வீட்டார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.